எந்தக் கால்?

முழங்கால் உயராய்வு நிறுவனத்தில் யாருக்காவது ஓர் உண்மை தெரிந்துவிட்டால் அவரைக் கேன்டீனுக்கு மாற்றிவிடுவார்கள். இது தண்டனை இல்லை என்று அதன் இயக்குநரே பலமுறை சொல்லியிருக்கிறார். ஆராய்ச்சியில் இருப்பவரின் மனம் எழுதாத தாளாக இருக்க வேண்டும். உண்மை தெரிந்த மனம் கறைபட்ட மனம். கறைபட்டவர்கள் நோயாளியைத் தொடக் கூடாது. டீ போடலாம், மேசை துடைக்கலாம். அந்தக் கேன்டீனில் டீ அவ்வளவு நன்றாக இருந்ததற்கு இதுதான் காரணம். அடுப்படியில் நின்றவர்கள் அத்தனை பேரும் மேற்படிப்புப் படித்தவர்கள்.

இந்த விவரமெல்லாம் தெரியாமல் அங்கே போய் மாட்டிக்கொண்டவர் ஒரு டைல்ஸ்காரர். கூட வேலை செய்பவர்கள் அவரை ரசமட்டம் என்று கூப்பிடுவார்கள். தரை சாய்ந்திருக்கிறதா என்று வைத்துப் பார்ப்பார்களே, நடுவில் குமிழி ஓடும் கருவி, அதன் பெயர்தான் அது. யார் வீட்டுக்குப் போனாலும் மனிதர்களைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பார்க்கிற ஆள். ஆயுளில் பாதியை மண்டியிட்டே கழித்தவர். அதற்காக அவர் வருத்தப்பட்டதே இல்லை. மண்டியிட்டால்தானே தரை தெரியும்.

ஒரு நாள் யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறையில் கல் பதித்துக்கொண்டிருந்தவர், பின்னால் இருந்த டைல்ஸை எடுப்பதற்காக உடம்பைத் திருப்பினார். உடம்பு திரும்பியது, வலது முழங்கால் திரும்பவில்லை. உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அன்றிலிருந்து அவரால் மண்டி போட முடியும், எழுந்திருக்க முடியாது. பாதி வழியில் கால் எங்கேயோ பூட்டிக்கொள்ளும். யாராவது அக்குளில் கைகொடுத்துத் தூக்க வேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற ஜவ்வு கிழிந்துபோயிருக்கிறது என்றார்கள். தைக்கலாம், ஆனால் வரிசை நீளம், பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள், கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிடவில்லை. இதற்கிடையில் அவருக்கு வழக்கமாக வேலை தரும் கான்ட்ராக்டர் வீட்டுக்கே வந்து பரிவாகப் பேசினார்.

“எத்தனை நாளைக்கு இப்படியே இருப்பீங்க அண்ணே? நம்ம பில்டிங்ல வாட்ச்மேன் வேலை ஒண்ணு இருக்கு. நல்ல நாற்காலி போட்டிருக்கேன். உக்காந்தே இருக்கலாம்.”

ரசமட்டம் குனிந்து தரையைப் பார்த்தார். தான் பதித்த தரையின் மேல் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, போகிறவர் வருகிறவர் செருப்பை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? கொஞ்ச நாள் பொறுங்கள், காலைச் சரி பண்ணிக்கொண்டு வருகிறேன் என்று கெஞ்சினார். தான் கட்டிக்கொண்டிருக்கும் பெரிய மண்டபத்தின் தரை வேலை அவர் வருகிற வரை நிற்கும், ரொம்பத் தாமதித்தால் நிற்காது என்று சொல்லிவிட்டுப் போனார் கான்ட்ராக்டர்.

அவருடைய மனைவி பஸ் கண்டக்டர். கூட்டத்தில் முன் படியிலிருந்து குரல் கொடுத்தால் பின் படியில் தொங்குகிறவன் உள்ளே ஏறிவிடுவான். தன் பஸ்ஸில் பயணி ஒருவர் சொன்ன தகவலை நம்பித்தான் அவள் அவரை உயராய்வு நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தாள். “வரிசையே கிடையாதாங்க. ஆராய்ச்சின்னு உடனே பண்ணிடறாங்களாம். போய்ப் பாருங்களேன்.” பின்னாளில் அந்தப் பயணியைத் தேடி அவள் கண்கள் பஸ் முழுக்க அலைந்ததுண்டு. அவர் அப்புறம் ஏறவே இல்லை.

நிறுவனத்தில் அவரை வரவேற்றது ஒருங்கிணைப்பாளர் அம்மா. சிரித்த முகம். எது சொன்னாலும், முக்கியமாக முடியாது என்று சொல்லும்போது, இன்னும் நன்றாகச் சிரிப்பார்.

“கிழிஞ்ச ஜவ்வைத் தச்சா மட்டும் போதாதுங்க ஐயா. பல பேருக்குத் தையல் பிடிக்காம மறுபடி பிரிஞ்சுக்குது. அதுக்குத்தான் உயிர்ப்பஞ்சு. உயிருள்ள பொருள்லருந்து எடுத்து, சுத்தம் பண்ணி, மெத்துமெத்துன்னு ஒரு துண்டு. தச்ச இடத்துல வச்சா உங்க உடம்பே அதுக்குள்ள வளர்ந்து ஒட்டிக்கும்.”

“நல்ல விஷயமா இருக்கே. எனக்கு வச்சிருங்க.”

“வைப்போம், இல்ல வைக்காமலும் விடுவோம். பாதிப் பேருக்குப் பஞ்சு, பாதிப் பேருக்கு வெறும் தையல். யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியக்கூடாது, அப்புறம் சோதிச்சுப் பாக்கறவங்களுக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சா மனசு ஒரு பக்கமா சாஞ்சிடும்.”

சாயக் கூடாது என்ற பேச்சு ரசமட்டத்துக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இவர்கள் நம் ஆட்கள் என்று நினைத்துக்கொண்டார்.

இதுவரை நியாயம்தான். புது மருந்து, புதுச் சிகிச்சை எதுவானாலும் உலகம் முழுக்க அப்படித்தான் சோதிக்கிறார்களாம். ஆனால் நம் நிறுவனம் ஒரு நல்ல விஷயத்தை நல்ல விஷயமாக இருக்கும்போதே விட்டுவிடுகிற நிறுவனம் அல்ல. அங்கே மறைப்புக் குழு என்று ஒன்று இருந்தது. எதை எதை யாரிடமிருந்து மறைப்பது என்று முடிவெடுப்பது அதன் வேலை. ஒவ்வொரு கூட்டத்திலும் புதிதாக ஒன்றை மறைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் கூட்டம் எதற்கு? பஞ்சு யாருக்கு என்பதை முதலில் மறைத்தார்கள். ஆபரேஷன் செய்தது யார் என்பதைப் பிறகு மறைத்தார்கள். கடைசியில் ஒரு மேதாவி எழுந்து, ஆபரேஷன் ஆன கால் எது என்று தெரிவதால்தானே சோதிக்கிறவர் அந்தக் காலைப் பதமாகத் தொடுகிறார், அது சாய்வு அல்லவா என்று கேட்டார். குழுவே ஆடிப்போனது. அன்றே எந்தக் கால் என்பதையும் மறைத்துவிட்டார்கள்.

“எனக்கு வலது...” என்று ஆரம்பித்தார் ரசமட்டம்.

ஒருங்கிணைப்பாளர் அம்மா பாய்ந்து கையை நீட்டினார். “சொல்லாதீங்க! அந்த ரெண்டு வார்த்தையும் இந்தக் கட்டடத்துல யாரும் சொல்லக்கூடாது.”

“என் கால் தானேங்க?”

“அதனாலதாங்க உங்ககிட்ட ரொம்ப ஜாக்கிரதையா இருக்க வேண்டியிருக்கு.”

அது உண்மை. அந்தக் கட்டடத்தில் இடது, வலது என்று எழுதிய பலகைகளைக் கூடக் கழற்றிவிட்டிருந்தார்கள். கழிப்பறை எங்கே என்று கேட்டால் ஊழியர்கள் மேலே பார்த்து, “போங்க, வரும்” என்பார்கள். அவசரத்தில் இருந்தவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது.

ஆபரேஷன் அன்று காலையில் அவர் மனைவி ஒரு காரியம் செய்தாள். அழியாத மை மார்க்கரால் அவர் வலது முழங்காலில் ‘இங்கதான்’ என்று பெரிதாக எழுதிவிட்டாள். நர்ஸ் அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணை மூடியபடியே ஸ்பிரிட் போட்டுத் தேய்த்து அழித்தார். அந்தக் கால் மட்டும் சிவந்து போய்விட்டால் காட்டிக்கொடுக்குமே என்று, நியாயத்துக்கு மற்ற முழங்காலையும் அதே அளவு தேய்த்தார்.

“டாக்டருக்காவது தெரியுமில்லம்மா?” என்று படுத்திருந்தபடி கேட்டார் ரசமட்டம்.

“டாக்டருக்குத் தெரிஞ்சா அவர் கை சாஞ்சிடுமே ஐயா.”

“அப்ப யாருக்குத்தான் தெரியும்?”

“கம்ப்யூட்டருக்கு.”

அதைக் கேட்டு அவருக்கு நிம்மதியாக இருந்தது. அதற்குள் முகத்தில் மயக்க மருந்து மூடியை வைத்துவிட்டார்கள், நிம்மதியோடு தூங்கிப்போனார்.

கண் விழித்தபோது இரண்டு முழங்காலிலும் கட்டு. இரண்டிலும் வலி. எந்தப் பக்கம் வேலை நடந்தது என்பது நோயாளிக்கே தெரியக் கூடாது என்பதற்காக இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தோலைக் கீறி ஒரே மாதிரி தைத்திருந்தார்கள். மனைவி வேலை முடிந்து யூனிஃபார்மோடு ஓடி வந்தாள். வழக்கமான குரலில், அதாவது பின் படி வரை கேட்கும் குரலில், “எந்தக் கால்ல பண்ணாங்க?” என்றாள். வராந்தாவில் ஒரு தட்டு விழுந்து உருண்டது. இரண்டு நர்ஸ்கள் காதில் விரலை வைத்துக்கொண்டு ஓடினார்கள்.

கட்டுப் பிரித்த பிறகு நொண்டிப் பயிற்சி ஆரம்பமாயிற்று. ஒரு காலை மட்டும் நொண்டினால் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் இரண்டு காலையும் சரிசமமாக நொண்ட வேண்டும். அதைச் சொல்லித்தர விசில் வைத்துக்கொண்டு ஒருவர் இருந்தார்.

“ஐயா, நீங்க ஒரு பக்கம் அதிகமா நொண்டறீங்க.”

“அந்தப் பக்கம் வலிக்குது தம்பி.”

“வலிக்கட்டும். அதே அளவுக்கு இந்தப் பக்கமும் வலிக்கிற மாதிரி நடங்க. நேர்மையா நொண்டுங்க.”

நேர்மையாக நொண்டியபடி அவர் வீடு திரும்பினார். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, “என்ன மாமா, போகும்போது ஒரு கால்தானே கோளாறு?” என்று கேட்டுவிட்டு அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். அந்த மைத்துனன்தான் இப்போது அவருடைய சாமான்களை எடுத்துக்கொண்டு சில்லறை வேலைகளுக்குப் போய்வந்தான். அவன் போட்ட தரையில் தண்ணீர் ஊற்றினால் ஓட்டையைத் தவிர எல்லாப் பக்கமும் போயிற்று. ரசமட்டத்தால் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை.

வாரங்கள் போயின. இடது முழங்கால் வலி மெல்ல மெல்லக் குறைந்து மறைந்தே போனது. வலது முழங்கால் அப்படியேதான் இருந்தது. மண்டி போட்டால் பூட்டிக்கொண்டது. ஒருவேளை நமக்குப் பஞ்சு கிடைக்கவில்லை போலிருக்கிறது, வெறும் தையல்தான் போலிருக்கிறது, அதுவும் பிரிந்துவிட்டது போலிருக்கிறது என்று அவர் தன் தலைவிதியை நொந்துகொண்டார். நிறுவனத்தைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவே இல்லை.

சோதனை நாள் வந்தது. அறையின் குறுக்கே ஒரு கனத்த திரை. திரையில் ஒரு ஓட்டை. கம்ப்யூட்டர் சொன்ன காலை ஒருங்கிணைப்பாளர் அம்மா பிடித்து ஓட்டை வழியாக விட்டார். அந்தப் பக்கம் பிசியோதெரபிஸ்ட் இருந்தார். அவருக்கு முகம் தெரியாது, ஆள் தெரியாது, இடதா வலதா என்று கண்டுபிடித்துவிடக் கூடாதென்று பாதத்துக்குப் பை மாட்டியிருந்தார்கள். முட்டியை மட்டும் பார்த்து அவர் மடக்கினார், நீட்டினார், திருகினார்.

“வலி இருக்கா?”

“இல்லைங்க.”

“பூட்டிக்குதா?”

“இல்லைங்க. ஆனா...”

“அருமை! அருமை!” என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் குழைந்தது. “இப்படி ஒரு முழங்காலை நான் பார்த்ததே இல்ல.”

ஓட்டைக்குள் விட்டது இடது கால். இது சும்மா ஒப்பிட்டுப் பார்க்க இருக்கும், வலதை அடுத்த முறை விடுவார்கள் என்று ரசமட்டம் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். அடுத்த முறையும் இடது காலைத்தான் விட்டார்கள். அதற்கடுத்த முறையும் அதுவே. அன்று சாப்பிடும்போது மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டாள்.

“அப்ப அந்தக் கால்லதாங்க ஆபரேஷன் பண்ணியிருக்காங்க.”

“சேச்சே. படிச்சவங்கம்மா.”

“படிச்சவங்கதாங்க பண்ணுவாங்க. படிக்காதவன் எந்தக் கால்னு கேட்டுட்டுத்தான் கத்தியை எடுப்பான்.”

அவருக்கு அதற்கப்புறம் சாப்பாடு இறங்கவில்லை. கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம், அதுதான் கொடுமை.

மறுநாள் அவள் விடுப்பு போட்டுவிட்டு அவரோடு கிளம்பினாள். வரவேற்பில் இருந்தவரிடம், “எங்க வீட்டுக்காரருக்கு வலது...” என்றதும் அவர் மேசைக்கு அடியில் குனிந்துவிட்டார். பக்கத்து அறையில் ஒருவர் கதவைச் சாத்தினார். நொண்டிப் பயிற்சியாளர் தன் விசிலை ஊதிக்கொண்டே, எதையும் கேட்காமல், அவர்களைக் கடந்து போனார். அவள் குரலை உயர்த்த உயர்த்த வராந்தா காலியானது. தப்பித்தவறி முழுதாகக் கேட்டுவிட்ட ஒரே ஓர் ஆள், பாவம், அன்று சோதித்த பிசியோதெரபிஸ்ட். மத்தியானத்துக்குள் அவர் கேன்டீனில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்.

களைத்துப் போய் அவர்களும் கேன்டீனில்தான் உட்கார்ந்தார்கள். டீ கொண்டுவந்து வைத்தவர் வயதானவர், மூக்கில் தடித்த கண்ணாடி. ரசமட்டம் நாற்காலியில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தார்.

“வலது தானே?” என்றார் சாதாரணமாக.

கணவனும் மனைவியும் திடுக்கிட்டுப் போனார்கள். அந்தக் கட்டடத்தில் அந்த வார்த்தையைச் சொன்ன முதல் ஊழியர் அவர்தான்.

“உங்க ஸ்கேனைப் பார்த்தது நான்தாங்க. ஸ்கேன் படிக்கிற டாக்டர் நான். உள் ஓரமா நல்ல கிழிசல். ஸ்கேன்ல எந்தப் பக்கம்னு போட்டிருக்கற எழுத்தை மறைச்சுட்டா ஆபரேஷன் பண்றவர் எப்படிங்க கண்டுபிடிப்பார்னு குழுவுல கேட்டேன். அதான் இங்க. சர்க்கரை போதுமா?”

“நீங்க போய்ச் சொல்லக்கூடாதா ஐயா?” என்றாள் அவள்.

“நான் கறைபட்டவன்மா. நான் சொல்றது செல்லாது. இதோ பாருங்க, பாத்திரம் தேய்க்கிறாரே, அவருக்கும் தெரியும். அங்க காய் நறுக்கறவங்களுக்கும் தெரியும். தெரிஞ்சவங்க எல்லாரும் இங்கதான் இருக்கோம்.”

ஒரு நிறுவனத்தின் மூளை முழுவதும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததை ரசமட்டம் வாய் பிளந்து பார்த்தார்.

அவள் விடவில்லை. இயக்குநரின் அறை வாசலில் அவர் வெளியே வரும் வரை நின்று, வந்ததும் மறித்தாள். “ஒண்ணும் சொல்லமாட்டேன் சார், ஒரே ஒரு கேள்வி” என்று சத்தியம் செய்த பிறகுதான் அவர் காதிலிருந்து கையை எடுத்தார்.

“ஆபரேஷன்ல தப்பு நடந்திருந்தா யார்கிட்ட சொல்றது?”

இயக்குநர் மென்மையாகப் பேசுகிற மனிதர். நல்ல சட்டை, நல்ல சென்ட்.

“அம்மா, எங்களை நம்பி வந்த ஒவ்வொரு முழங்காலும் எங்களுக்குச் சமம். கிழிஞ்ச கால், கிழியாத கால்னு நாங்க பேதமே பாக்கறதில்ல. தப்பு நடந்ததான்னு தெரிஞ்சுக்க எனக்கும் ஆசைதான். ஆனா நான் என் ஆசைக்காக ஆராய்ச்சியைக் கெடுக்கலாமா? தெரிஞ்சுக்காம இருக்கறதுக்கு எவ்வளவு கட்டுப்பாடு வேணும் தெரியுமா? இந்தப் பதவிக்கு வந்ததுலருந்து எனக்கு ஒண்ணுமே தெரியாது. அப்படிக் காப்பாத்திட்டு வரேன்.”

“அப்ப இவர் கதி?”

“ஆய்வு முடியட்டும். மறைப்பு விலக்கும் விழான்னு ஒண்ணு வைப்போம். அன்னைக்கு இவர் மேடையில மனம்விட்டுப் பேசலாம். இதுவரைக்கும் வந்த முழங்கால்லயே இவரோடதுதான் முதல் இடம்னு மட்டும் காத்துவாக்குல கேள்விப்பட்டேன்.” சொல்லிவிட்டு, கேள்விப்பட்டதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டார்.

விழாவுக்காகக் காத்திருந்தார்கள். வேறு என்ன செய்வது? ஆய்வு முடியும் முன் வேறிடத்தில் காலைக் காட்டினால் கையெழுத்துப் போட்டதற்கு விரோதம் என்றார்கள். ரசமட்டம் விதிக்குக் கட்டுப்பட்டவர். மண்டபத் தரையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டதாகக் கான்ட்ராக்டர் சொல்லியனுப்பினார். நாற்காலி மட்டும் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். 

விழாவில் என்ன சொல்வது என்று ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார்செய்து வைத்துக்கொண்டார். ‘ஐயா, என் வலது காலை யாரும் தொடவே இல்லை.’ கோபமாகச் சொல்லிப் பார்த்தார், பணிவாகச் சொல்லிப் பார்த்தார். மனைவி, “சத்தமா சொல்லுங்க, போதும்” என்றாள்.

விழா பெரிய அரங்கில் நடந்தது. மேடையின் குறுக்கே ஒரு நீல ரிப்பன். ரிப்பனை வெட்டியதும் மறைப்பு விலகியதாகப் பொருள். அதுவரை மொத்தக் கணக்கைப் பேசலாம், யாருக்கு எந்தக் கால் என்றுதான் பேசக் கூடாது. முன்வரிசையில் கோட்டுப் போட்டவர்கள். கேன்டீன்காரர்கள் டீத்தட்டோடு ஓரத்தில் நின்றார்கள். ரசமட்டத்தை மேடையிலேயே உட்காரவைத்திருந்தார்கள். மேடைப் பலகை ஒரு பக்கம் சாய்ந்திருப்பதை அவர் உட்கார்ந்ததுமே கவனித்துவிட்டார்.

முதலில் அறுவை நிபுணர் பேசினார்.

“ஒரு நாள் ஒரு முழங்காலுக்குள்ள கேமராவை விடறேன். ஜவ்வு கண்ணாடி மாதிரி இருக்கு. ஒரு கீறல் கிடையாது. சாதாரண டாக்டரா இருந்தா அங்கயே நிறுத்திட்டு, அடுத்த காலைப் பார்த்திருப்பார். அடுத்த காலைப் பாக்கறது விதிமீறல். நான் மீறல. கிழிசல் இல்லைன்னா தைக்க முடியாது. தைக்கலைன்னா பஞ்சு வைக்க முடியாது. பஞ்சு வைக்கலைன்னா ஆராய்ச்சி நின்னுபோகும். அதனால விதிமுறையில சொன்ன இடத்துல, சொன்ன அளவுக்கு, நானே ஒரு கிழிசலை உண்டாக்கி, அதையே அழகா தச்சு, பஞ்சையும் வச்சேன். என் அனுபவத்துல இவ்வளவு சுத்தமான கிழிசலை நான் பார்த்ததில்ல.”

அரங்கம் கைதட்டியது. ரசமட்டத்தின் கை தானாகப் போய் இடது முழங்காலைத் தடவியது. அது ஒரு பாவமும் அறியாத கால். ஆயுள் முழுக்க முனகாமல் உழைத்த கால்.

அடுத்து இயக்குநர் வந்தார்.

“கம்ப்யூட்டர் எந்தப் பாகுபாடும் பாக்காம தேர்ந்தெடுத்ததுல, ஏறக்குறைய பாதிப் பேருக்கு நல்ல கால் அமைஞ்சது. அந்தப் பாதியில வெற்றி அபாரம்! மீதிப் பாதியில சுமார். ஆகவே இந்த ஆராய்ச்சி ஆணித்தரமா ஒண்ணைச் சொல்லுது. உயிர்ப்பஞ்சு நல்ல முழங்கால்ல மிக மிக நல்லா வேலை செய்யுது. இரண்டாம் கட்டத்துல முழங்கால்ல எந்தக் கோளாறும் இல்லாதவங்களை மட்டுமே சேர்த்துக்கறதா குழு முடிவு பண்ணியிருக்கு.”

மறுபடியும் கைதட்டல். “இப்ப நம்ம முதலிட முழங்கால்! ஐயா, ரிப்பன் வெட்டறதுக்கு முன்னாடி, சபைக்கு ஒருதரம் மண்டி போட்டுக் காட்டுங்க.”

ரசமட்டம் ஒலிபெருக்கியைப் பார்த்தார். வாக்கியம் தொண்டை வரை வந்தது. ஆனால் அத்தனை பேர் பார்க்கும்போது, ஆயுள் முழுக்க மண்டி போடு என்றால் போட்டுப் பழகிய உடம்பு, அவரைக் கேட்காமலே மண்டி போட்டுவிட்டது. போட்டது நன்றாகத்தான் போட்டது. எழுந்திருக்கப் பார்த்தார். வலது முழங்கால் பூட்டிக்கொண்டது.

அப்படியே இருந்தார். வியர்த்தது. இயக்குநரின் காலடியில், இரண்டு கையையும் பலகையில் ஊன்றி, தலை குனிந்து.

முன்வரிசையில் யாரோ ஒருவர் நெகிழ்ந்துபோய் எழுந்து நின்று கைதட்டினார். பிறகு வரிசை எழுந்தது, அரங்கமே எழுந்தது. கைக்குட்டைகள் வெளியே வந்தன. இயக்குநர் கண் கலங்கிக் குனிந்து அவர் தோளைத் தொட்டார்.

“எழுந்திருங்க ஐயா. இவ்வளவு நன்றியெல்லாம் எதுக்கு? நாங்க எங்க கடமையைத்தான் செஞ்சோம்.”

“எந்திரிக்க முடியல சார்” என்றார் ரசமட்டம், பல்லைக் கடித்துக்கொண்டு.

“உணர்ச்சிவசப்பட்டுட்டார்!” என்று இயக்குநர் சபைக்கு அறிவித்தார். கைதட்டல் இரண்டு மடங்கானது.

அப்போதுதான் விசில் சத்தம் கேட்டது. ஓடுகிற பஸ்ஸை நிறுத்துகிற விசில். பழக்க தோஷத்தில் இயக்குநர் அப்படியே நின்றார். அவருடைய மனைவி ரிப்பனைக் குனிந்து கடந்து மேடைக்கு வந்துவிட்டாள். ஒலிபெருக்கி அவளுக்குத் தேவைப்படவில்லை.

“இவர் நன்றி சொல்லல! இவரால எந்திரிக்க முடியல! நீங்க கிழிச்சது நல்லா இருந்த கால். கிழிஞ்சது இந்தக் கால். இந்த வலது...”

“ரிப்பன் இன்னும் வெட்டல!” என்று அலறினார் ஒருங்கிணைப்பாளர் அம்மா.

ரிப்பன் வெட்டவில்லை என்றால் மறைப்பு விலகவில்லை. அரங்கில் இருந்த அத்தனை பேரும், முன்வரிசைக் கோட்டுகள் உட்பட, ஒரே நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டார்கள். தட்டுவதற்கும் பொத்துவதற்கும் மனிதனுக்கு அதே இரண்டு கைகள்தானே, கைதட்டல் நின்றுபோனது. அதற்கு மேல் அவள் சொன்னதெல்லாம் அந்தப் பெரிய அரங்கில் கேன்டீன்காரர்களுக்கு மட்டும் கேட்டது. அவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும்.

கண்ணாடிக்காரர் டீத்தட்டைக் கீழே வைத்துவிட்டு மேடை ஏறினார். ஒரு பக்கம் அவரும் ஒரு பக்கம் அவளுமாக அக்குளில் கைகொடுத்து ரசமட்டத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். போகும்போது ரசமட்டம் நேர்மையாக நொண்டவில்லை. வலது காலை மட்டும், மனசார, நன்றாக நொண்டிக்கொண்டு போனார்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவருடைய பெயர் வரிசையில் இல்லை. இடையில் கூப்பிட்டிருக்கிறார்கள், வேறிடத்தில் ஆபரேஷன் ஆகிவிட்டது என்று பதில் வந்ததால் எடுத்துவிட்டார்களாம். மறுபடி முதலிலிருந்து நிற்க வேண்டும் என்றார்கள். நின்றார். காலையில் நின்றவரை மத்தியானத்துக்கு மேல்தான் உள்ளே விட்டார்கள். மின்விசிறி கடகடவென்று ஆட, ஆறிப்போன டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பெண் டாக்டர் இருந்தார். ரொம்பக் களைத்திருந்தார். நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை.

“எந்தக் கால்?” என்றார்.

ரசமட்டம் வாயைத் திறந்தார்.  கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார், யாரும் ஓடவில்லை. மனைவியைப் பார்த்தார். எப்போதும் முந்திக்கொண்டு பேசுகிறவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, நீங்களே சொல்லுங்கள் என்பது போல நின்றாள். அவருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இந்த இரண்டு வார்த்தைக் கேள்விக்காக இத்தனை நாள் நாயாய் அலைந்திருக்கிறோமே என்று நினைத்தபோது துக்கம் தாங்கவில்லை.

“என்னங்க, எந்தக் கால்னு கேட்டேன்” என்றார் டாக்டர், இப்போது நிமிர்ந்து பார்த்து.

“வலது” என்றார் ரசமட்டம். போதாதென்று இன்னொரு முறை, வராந்தாவில் நின்றவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக, “வலதுங்கம்மா!” என்றார்.

டாக்டர் காதைப் பொத்தவில்லை. “சரி, கத்தாதீங்க. காலைக் காட்டுங்க” என்று சொல்லிக்கொண்டே எழுந்து வந்து, வலது முழங்காலில் கை வைத்தார்.